கொள்ளு காயும் ஓடுபாதை

ஏழூர்மலைக்கு விமானம் வருவதற்கு முன்னால், அங்கே கொள்ளு அடிப்பது பெரும்பாடாக இருந்தது. பிடுங்கிக் காயவைத்த செடியை மாடு கட்டி மிதிக்கவிட வேண்டும், மிச்சத்தைத் தடியால் அடிக்க வேண்டும், அப்புறம் காற்று எப்போது வருமென்று முறத்தோடு காத்திருக்க வேண்டும். கீழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. தார்ச்சாலையில் பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்தால், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அடித்துக் கொடுத்துவிடும். ஏழூர்மலைக்கென்று இருந்த ஒரே சாலை, அடுத்தடுத்து வந்த இரண்டு பெருமழைகளில் சரிந்து பள்ளத்தாக்கோடு போய்விட்டது. அதற்கப்புறம் மலைமேல் சக்கரம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை.

சாலையைத் திரும்பப் போடுவதைவிட விமானம் விடுவது சுலபம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. பேட்டரியில் ஓடுகிற சின்ன விமானம், உள்ளே ஆறு பேர் உட்காரலாம். மேட்டிலிருந்த சமதரையில் செம்மண்ணை இறுக்கி ஓடுபாதை போட்டார்கள். மருந்து, அரிசி, வாத்தியார்கள் எல்லாம் மேலே வந்தன. பிரசவ வலி கண்டவர்களும் பாம்பு கடித்தவர்களும் கீழே போனார்கள். டோலி கட்டித் தூக்குகிற வேலையை மலை மறந்தே போனது.

பாதை திறந்த சில மாதங்களில் யாரோ அதன்மேல் கொள்ளுச்செடியைப் பரப்பிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சக்கரம் அடித்துக் கொடுத்தது, இறக்கையில் சுழலும் விசிறிகள் தூற்றியும் கொடுத்துவிட்டன. ஊர்க்கவுண்டரான சடையக் கவுண்டர் அன்றைக்குப் பாதையோரம் நின்று, "கவருமெண்டு நமக்குக் குடுத்தது அடிக்கிற மிசினுதான்டா. போறப்ப வர்றப்ப ஆளையும் ஏத்திக்கிது, அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். அதிலிருந்து கொள்ளு, சாமை, கேழ்வரகு என்று வருஷத்தில் பாதி நாள் அந்தப் பாதையில் ஏதாவது ஒன்று காய்ந்துகொண்டே இருக்கும்.

பாதைக்குக் காவலாளி தருமன். ஆடுமாடு ஏறாமல் பார்த்துக்கொள்வது, ஓரக்கோடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, இறங்க வரும் விமானத்துக்குக் காற்று எந்தப் பக்கம் என்று வயர்லெஸ்ஸில் சொல்வது அவன் வேலை. பாதையில் ஒரு துரும்பும் கிடக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் ஊரே மாமன் மச்சானாக இருக்கிற இடத்தில் யாரைப் போய் விரட்டுவது? முதல் வருஷம் சத்தம் போட்டான். இரண்டாம் வருஷம் வேறு பக்கம் பார்த்தான். மூன்றாம் வருஷம் தன் வீட்டுச் சாமையையும் கொண்டுவந்து விரித்தான்.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. அந்தத் தை மாசத்தில், அரசாங்கத்துக்காக விமானம் விடுகிற கம்பெனியிலிருந்து ஒரு தகவல் வந்தது. பெரிய அதிகாரிகள் பாதையைப் பார்வையிட வருகிறார்கள், சுத்தமாக இருக்க வேண்டும். ஊர் கூடிப் பேசியது. கொள்ளு முக்கால் பதம் காய்ந்து கிடந்தது. குவித்து வைத்தால் பூசணம் பிடித்துவிடும். எனவே எல்லோருமாகச் சேர்ந்து அள்ளிக்கொண்டுபோய், மேற்கே பாதையை ஒட்டியிருந்த மேய்ச்சல் தரையில் விரித்தார்கள். கைக்கு என்ன பழக்கமோ அதைத்தானே கை செய்யும்? அங்கேயும் அதே நீளத்துக்கு, அதே அகலத்துக்கு, நேராகவே விரித்தார்கள். இங்கே என்ன விமானமா வரப்போகிறது, எதற்கு இத்தனை நீளம் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தருமன் பாதையைப் பெருக்கிவிட்டுப் புதுச் சுண்ணாம்பு அடித்தான். திறப்புவிழா அன்றுகூட அது அவ்வளவு பளிச்சென்று இருந்ததில்லை.

அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் காலை, மருந்துப் பெட்டிகளோடு விமானம் வந்தது. பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. எப்போதும்போல் கிழக்கு மலைமடிப்புக்குள்ளிருந்து வெளிப்பட்டுத் தாழ்ந்து வந்தது. தருமன் வெள்ளைக்கோட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது லேசாக மேற்கே சாய்ந்தது, மேய்ச்சல் தரையில் கிடந்த கொள்ளின்மேல் வெகு அழகாக இறங்கியது. சக்கரம் பட்டதும் செடி பறந்தது. கொஞ்ச தூரம் ஒன்றுமே ஆகவில்லை. அப்புறம், தண்ணீர் போவதற்காக எப்போதோ வெட்டிய வாய்க்காலில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. மூக்கு மண்ணில் குத்தி, இடது இறக்கை முறிந்து, விமானம் அப்படியே குப்புற நின்றுபோனது.

தருமன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்து இழுத்தான். உள்ளே விமானி ஜெர்வின் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, நெற்றியில் ரத்தம். தருமனைப் பார்த்ததும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, பாதை எங்கண்ணே போச்சு?"

ஜெர்வின் தூத்துக்குடிப் பையன். மீன்பிடிக் குடும்பம். பெயருக்கு அவன் விமானி, ஆனால் விமானத்தை ஓட்டுவது அவனில்லை. அதன் கம்ப்யூட்டர் மூளை ஓட்டும். அந்த மூளை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ரகம். மனிதன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், தப்பு நடந்தால் கைப்பிடியைப் பிடித்துத் திருத்த வேண்டும் என்பது சட்டம். திருத்தாவிட்டால் குற்றம் அவனுடையது. விபத்து நடந்த மறுநாளே கம்பெனி அறிக்கை விட்டுவிட்டது: பாதை சுத்தமாக இருந்தது, படம் இருக்கிறது; இருக்கையில் இருந்தவர் கடமை தவறினார். விசாரணை முடிந்ததும் ஜெர்வினின் உரிமம் போய்விடும், அப்புறம் ஆயுசுக்கும் அவன் விமானத்தில் உட்கார முடியாது என்று, மலையிலேயே அவனுக்குக் கட்டுப்போட்ட ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்னாள்.

அறிக்கை வந்த அன்று சாயங்காலமே ஊர் கூடியது. பாதையில் எதையும் போட்டதே இல்லை, மேய்ச்சல் தரையில் கிடந்தது வெறும் காய்ந்த புல் என்று எல்லோரும் ஒரே வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. உண்மையைச் சொன்னால் பாதையை மூடிவிடுவார்கள். மூடினால் மறுபடியும் டோலிதான். கொள்ளையெல்லாம் அள்ளி வீட்டுக்குள் பதுக்கினார்கள்.

விசாரணை அதிகாரி ஜமீலா, அரசாங்கத்தின் ஆள். டோலி அனுப்புகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டு, அரைநாள் ஏறி நடந்தே வந்தார். ஐம்பது வயதிருக்கும். வந்த களைப்பில் பள்ளிக்கூட வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர், அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு. சடையக் கவுண்டர் மட்டும் உற்சாக மிகுதியில், "இந்த வருசம் மழ சரியில்லீங்க, மலையில யாருமே கொள்ளு போடலீங்களே" என்று ஒரு படி மேலே போனார். சொல்லி முடித்த கையோடு அவர் வீட்டம்மா அதிகாரிக்குச் சுடச்சுடக் கொள்ளு ரசம் ஊற்றினாள். ஜமீலா இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

தருமனுக்கு அந்தப் பாட்டு ஒப்பவில்லை. அவன் மகள் கனிகாவைக் கட்டுவிரியன் கடித்த மழைநாளில், இந்த வானத்தில் விமானத்தைக் கிளப்ப முடியாது என்று கீழே இருந்தவர்கள் கையை விரித்தார்கள். வயர்லெஸ்ஸில் அவர்களோடு சண்டைபோட்டுக் கிளப்பவைத்தவன் ஜெர்வின். வழி முழுக்கக் குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவள் தூங்கிவிடாமல் கதை சொல்லிக்கொண்டே போனவன். அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கனிகாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? சொல்லிவிட்டால், நாளைக்கு வேறொருவன் வீட்டுக் கனிகாவை எதில் ஏற்றி அனுப்புவது? இரண்டு பக்கமும் இடித்தது.

அன்று மத்தியானம் சுகாதார நிலையத்துக்குப் போனான். ஜெர்வின் தோளில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்து, நர்ஸ் கொடுத்த கஞ்சியை இடது கையால் குடிக்க வராமல் சிந்திக்கொண்டிருந்தான்.

"குடு தம்பி, நா ஊட்டி உடறேன்."

"நீங்க வேறண்ணே. நா என்ன பச்சப்புள்ளயா?" என்றான் ஜெர்வின். ஆனாலும் கிண்ணத்தைக் கொடுத்தான்.

தருமன் இரண்டு கரண்டி ஊட்டிவிட்டுக் கேட்டான்: "கொள்ளு போடறது உனக்குத் தெரியுமில்ல? அந்தம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பாதைய மூடிருவாங்க. பொறவு நீங்கள்லாம் என்ன செய்வீங்க? வுடுங்கண்ணே, நா அப்பா கூட போட்டுக்குப் போறேன்."

"உனக்குத்தான் கடல்ல போனா வாந்தி வருமே."

"அதனாலதான வானத்துக்கு வந்தேன்" என்று ஜெர்வின் சிரிக்கப் பார்த்தான். தோள் வலித்தது, சிரிப்பு பாதியில் நின்றது. "ஒண்ணு சொல்லட்டாண்ணே? அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுது. சக்கரம் தொடுறதுக்கு முன்னாலயே, இது நம்ம பாதை இல்லியேன்னு தோணுச்சு. கை கைப்பிடிகிட்ட போயிருச்சு. ஆனா புடிக்கல."

"ஏன் புடிக்கல?"

"புடிச்சா அது கத்துக்கிட்டது கெட்டுப்போகுமாம். கை வச்சவன் பேரு மேல ஆபீசுக்குப் போகும். எதுக்கு வச்சேன்னு ஒரு வாரம் கேப்பாங்க. அதுவுமில்லாம, அது ஒரு நாளும் தப்பா இறங்குனதில்ல. அதுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப்போவுதுன்னு இருந்துட்டேன். அது என் தப்புதான்."

தருமன் மிச்சக் கஞ்சியையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு எழுந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை அவன் மறைக்கவும் இல்லை. வெளியே வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மேய்ச்சல் தரைக்கு நடந்தான். ஜமீலா அங்கே, உடைந்த இறக்கையின் நிழலில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க."

"உக்காந்து சொல்லுங்க."

அவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். முதன்முதலில் கொள்ளு விரித்தது, தான் கண்ணை மூடிக்கொண்டது, தன் வீட்டுச் சாமையை விரித்தது, அதிகாரிகள் வருகிறார்களென்று அள்ளியது, இங்கே நீளமாகப் பரப்பியது. சொல்லி முடித்ததும், "காவலாளி நாந்தானுங்க. தப்பு எம்பேருல எழுதிக்குங்க. அந்தத் தம்பி மேல ஒண்ணுமில்லீங்க" என்றான்.

ஜமீலா பெருமூச்சு விட்டார். "நாலு நாளா இதுக்குத்தான் காத்திட்டிருந்தேன். இன்னும் ரெண்டு நாள் பார்த்துட்டு இறங்கிப் போயிருப்பேன்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"விமானத்துக்குக் கண்ணு இருக்கே. அது பார்த்ததெல்லாம் என்கிட்ட இருக்கு. வருஷக்கணக்கா உங்க கொள்ளு, சாமை, கேழ்வரகு எல்லாம் பார்த்துட்டேன். மலை மடிப்புக்குள்ள சாட்டிலைட்லேருந்து வர்ற வழிகாட்டல் கொஞ்சம் தப்பும். கடைசி நேரத்துல அது கண்ணைத்தான் நம்பும். வெறும் மண்பாதையும் அதுக்குத் தெரியும், செடி காயற பாதையும் தெரியும். அன்னைக்கு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தது. செடி கிடக்கிறதுதான் ஏழூர்மலைன்னு அது முடிவு பண்ணிடுச்சு. நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் அது செஞ்சது."

தருமன் உடைந்து கிடந்த மூக்கைப் பார்த்தான். "அப்பறம் எதுக்குங்க எங்களக் கேட்டீங்க?"

"விபத்துல மாட்டின மிஷின் தன்னைப் பத்தித் தானே சொல்றது சட்டத்துல சாட்சி ஆகாது. அது வெறும் புல்லுதான்னு கம்பெனி சொன்னா, நான் ஒண்ணும் பண்ண முடியாது. யாராவது ஒரு மனுஷர் வந்து, நாங்கதான் போட்டோம், எப்பவும் போடுவோம்னு சொல்லணும்." ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "இன்னொண்ணும் கேளுங்க. ஒவ்வொரு தடவையும் இறங்கறதுக்கு முன்னாடி மூளை கம்பெனிகிட்ட கேட்டிருக்கு, பாதையில என்னமோ கிடக்கு, இறங்கலாமான்னு. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்ல ஒருத்தர் பரவாயில்லைன்னு பட்டனைத் தட்டியிருக்கார். திருப்பி அனுப்பினா அரசாங்கத்துக்குப் பதில் சொல்லணுமே. நீங்க எதை ஒளிச்சு வெச்சுட்டுப் பயந்தீங்களோ, அது அவங்களுக்கு முதல் நாள்லேருந்து தெரியும்."

தருமனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். "பாதைய மூடிருவீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"மூடித்தான் ஆகணும். அந்த மூளைக்கு இந்த மலையைப் பத்தி இருக்கிற ஞாபகத்தை அழிச்சாத்தான் மறுபடி நம்பலாம். அழிச்சிட்டா அதுக்கு இங்கே இறங்கத் தெரியாது. இதுல நான் பொய் சொல்ல மாட்டேன் தருமன், மழைக்காலம் முடியற வரைக்குமாவது விமானம் வராது."

ஜமீலா மறுநாள் இறங்கிப் போனார். அறிக்கையில் அவர் ஜெர்வினை விடுவித்தார், கம்பெனியின் பட்டனைப் பற்றி எழுதினார், தருமனுக்கு எச்சரிக்கை மட்டும் போதும் என்றார். ஆனால் ஊர் அறிக்கையா படிக்கும்? ஊருக்குத் தெரிந்ததெல்லாம் தருமன் வாயைத் திறந்தான், விமானம் நின்றது என்பதுதான். சடையக் கவுண்டர் அவனோடு பேச்சை நிறுத்தினார். கவுண்டர் நிறுத்தியதும் மற்றவர்களும் நிறுத்தினார்கள். அவன் மனைவி ரஞ்சிதா குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். கொள்ளை மறுபடியும் மாடு கட்டித்தான் மிதித்தார்கள்.

ஆடியில் சடையக் கவுண்டரின் மருமகளுக்கு வலி கண்டது. டோலி கட்டினார்கள். தருமன் கூப்பிடாமலே போய் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பாதி மலையில், மழையில், ஒரு பாறைக்கடியில் குழந்தை பிறந்தது. தாய் பிழைத்தாள். குழந்தை கீழே போய்ச் சேருவதற்குள் அடங்கிவிட்டது. திரும்பி ஏறும்போது கவுண்டர் அவனுக்கு முன்னால் நடந்து போனார், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தருமனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான் சொன்னது சரியா என்று அவன் அதற்கப்புறம் தினமும் தன்னைக் கேட்டுக்கொண்டான். சரிதான் என்று ஒரு நாள் தோன்றும், இல்லை என்று மறுநாள் தோன்றும்.

ஐப்பசி மழை ஓய்ந்து பாதை காய்ந்ததும் வயர்லெஸ் உயிர்பெற்றது. அழிக்கப்பட்ட மூளைக்கு மலையைத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு மனிதன் தன் கையால் விமானத்தைப் பலமுறை இறக்கிக் காட்ட வேண்டும், மூளை பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் என்றார்கள். கம்பெனியில் மலையில் கையால் இறக்கிப் பழகியவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் கீழே நீளமான தார்ப்பாதையில் படித்ததோடு சரி. யார் போகிறீர்கள் என்று கேட்டதற்குக் கை தூக்கியவன் ஒருவன்தான்.

"அண்ணே, கேக்குதா? ஜெர்வின் பேசுதேன்."

தருமன் கையை உயர்த்திக் காற்றைப் பார்த்தான். "கேக்குது தம்பி. காத்து கெழக்கேருந்து வருது. லேசாத்தான் அடிக்கிது."

மடிப்புக்குள்ளிருந்து விமானம் வெளிப்பட்டது. முன்பெல்லாம் வரும்போது ஒரு சீராக வரும். இப்போது மூக்கு மேலும் கீழும் ஆடியது. பாதைக்கு மேலே வந்து, உயரம் அதிகமாகிவிட்டதென்று இறங்காமலே உறுமிக்கொண்டு மேலேறிப் போய்விட்டது. சத்தம் கேட்டு ஊரிலிருந்து ஒவ்வொருவராக வந்து தூரத்தில் நின்றார்கள். சுற்றிக்கொண்டு இரண்டாம் முறை வந்தது. இந்த முறை காற்று ஒரு பக்கமாகத் தள்ளியது. மறுபடியும் மேலேறிவிட்டது.

"அண்ணே, நேரா வர மாட்டேங்குது. திரும்பிப் போயிரட்டா?"

தருமன் சுற்றிலும் பார்த்தான். விழுந்தால் இந்த முறை தோளோடு போகாது. "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யி தம்பி. போனாலும் நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம். காத்து இப்ப நின்னுருச்சு" என்றான்.

தருமன் வெள்ளைக்கோட்டை விட்டுப் பின்னால் நகர்ந்து நின்றான். அப்புறம் விமானம் மூன்றாம் முறையாக மடிப்புக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கோணலாக வந்து, கடைசியில் நேராகி, ஒற்றைச் சக்கரத்தில் தொட்டு, எம்பி, மறுபடியும் விழுந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாதையின் கடைசிவரை ஓடி நின்றது. பார்ப்பதற்கு அழகாக இல்லை. ஆனால் இரண்டு இறக்கையும் முழுசாக இருந்தன.

ஜெர்வின் இறங்கினான். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டை முழுக்க வேர்த்து நனைந்திருந்தது. தருமன் ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டான்.

"வலிக்குதா தம்பி?"

ஜெர்வின் இல்லையென்று தலையாட்டினான். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று சொல்ல முடியவில்லை. "இத்தன வருசமா இந்த மலைக்கு வந்து இறங்கிருக்கேன்னு ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேண்ணே. அதெல்லாம் அது இறங்குனது. நா இன்னைக்குத்தான் இறங்கிருக்கேன்."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சடையக் கவுண்டர் வந்து நின்றிருந்தார். அவர் விமானத்தைப் பார்த்தார், உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கடைசியாக, பேச்சை நிறுத்தியதற்கு அப்புறம் முதல் தடவையாக, தருமனின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இது ஆடிக்கு முன்னாடியே வந்திருக்கலாம்டா" என்றார். அப்புறம், "தம்பி பசியோட இருக்கும். வூட்டுக்குக் கூட்டிட்டு வா. நீயும் வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.